முதலெழுத்து

பிரிஜ் கதவில், கடுகுப் போத்தலுக்குப் பக்கத்தில்
அவருடைய இன்சுலின் பேனாக்கள் ஐந்து.
பால் எடுக்கும்போதெல்லாம் கையில் படும்.
பதினொரு வருடமாக அது அவருடைய சொல்.
அவருடைய ஊசி, அவருடைய பசி,
நடுச்சாமத்து வியர்வை, அவசரத்துக்கு ஒரு மடக்கு ஆரஞ்சு ஜூஸ்.

எனக்கு வேறு சொல்.
எண்டோமெட்ரியோசிஸ்.
வாய்க்குள் வந்து சேர ஒன்பது வருடம் எடுத்தது.
அதுவரை அதற்கு வேறு பெயர்கள்:
வயித்துக்குத்து.
பிள்ளை பெத்தால் சரிவரும்.
குடும்ப டாக்டரின் கடதாசியில், மன அழுத்தம்.

ஈஸ்டர்ன் அவென்யூவில் இரவுச் சிப்ட்.
இயந்திரம் வாசிக்க மாட்டாமல் துப்பிய உறைகள்
என் மேசைக்கு வரும்.
இந்த நகரத்தில் பெயர்கள் எப்படி முட்டிக்கொள்ளும் என்று
எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்திலேயே பாருங்கள்,
மூன்றாம் மாடியில் க. பிரதாபன், என் புருஷன்.
ஒன்பதாம் மாடியில் கு. பிரதாபன்.
ஆங்கிலத்தில் இரண்டு பேரும் கே.
அவருடைய மின்கட்டணம் எங்கள் பெட்டியில்,
எங்கள் கல்யாணக் கார்டுகள் அவருடைய பெட்டியில்.
பெட்டி என்ன செய்யும்? வாய்க்குள் போட்டதை விழுங்கும்.

இரண்டாம் நாள் இரவுகளில்
தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன்.
மரிசெல் ஒன்றும் கேட்காமல்
என் கூடைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

டாக்டர் மொரெட்டி
பரிசோதனைக் கட்டிலின் கடதாசியைக் கிழித்துப் படம் கீறினாள்.
கருப்பை, ஒரு கவிழ்ந்த பேரிக்காய்.
உள்ளே இருக்கவேண்டிய படலம் போல ஒன்று
வெளியே, சூலகத்தில், குடலுக்குப் பின்னால்.
இடம் மாறியும் தேதி மறக்கவில்லை.
மாதாமாதம் அங்கேயும் கசிகிறது.

ஏன் சாகவில்லை? என்று கேட்டேன்.
வழிதவறிய கடிதத்துக்கே எங்களிடம் ஒரு முடிவு உண்டு.

சாகத்தான் வேண்டும் என்றாள்.
ஆனால் குப்பை அள்ள வந்த வெள்ளணுக்களே
அதற்குச் சோறு போடுகின்றன.
வளர், சாகாதே என்று செய்தி கொடுக்கின்றன.
பக்கத்து நரம்புகளையும் அந்தச் செய்தியே
உலுப்பி எழுப்புகிறதாம்.
அதன் பெயர் என்ன என்றேன்.
இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை.
"இன்சுலின் என் பிரிஜில் இருக்கு."
"இது அதில்லை. அதனுடைய ஒன்றுவிட்ட சகோதரம்.
ஒன்றின் பூட்டில் மற்றதும் கொஞ்சம் நுழையும்."

நிறுத்தலாமா?
"எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதரில்
இன்னும் தெரியாது."
ஒன்பது வருடத்தில் ஒரு டாக்டர்
தெரியாது என்று சொன்னது அன்றுதான்.
அந்தச் சொல்லைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

காலேஜ் தெருவில் ஸ்ட்ரீட்கார் சிவப்புக்கு நின்றது.
நூறு வருடத்துக்கு முன் இன்சுலினை
இங்கேதான் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பலகை.
ஆறு வருடமாக அதைக் கடந்து போகிறேன்.
அன்றைக்கு வாசிக்க எழும்பினேன்.
கீழ்ப்பாதியைப் பனி மூடியிருந்தது.

வீட்டில் அவர் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தத்தோடு
இலக்கத்துக்குக் காத்திருந்தார்.
"என்னவாம்?"
பிரிஜைத் திறந்து ஒரு பேனாவை எடுத்துக் காட்டினேன்.
"இதுக்கு ஒரு சொந்தக்காரன்
என்ரை வயித்துக்கை இருக்கிறானாம்."
ஆறு தசம் எட்டு. பட்டியைக் குப்பையில் போட்டார்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"முதலெழுத்து என்ன?" என்றார்.

சிரித்தேன். சிரிக்க, வலது பக்கம் இழுத்தது.
கோதுமைப் பையை மைக்ரோவேவில் வைத்தார்,
மூன்று நிமிடம், கதவைப் பார்த்தபடி.
ஏப்ரலில் ஒப்பரேஷன்.

அன்றிரவும் வேலைக்குப் போனேன்.
ஓர் உறையில் பெயரே இல்லை, கதவு இலக்கம் மட்டும்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பிறகு மரிசெலிடம் கொடுத்துவிட்டு
கொஞ்சம் இருந்தேன்.